மூன்றாம் மாடி வரை வந்த விருந்தாளி

அன்று இருந்தவர்கள்: நான், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா, அடுப்படியில் அம்மா, என் ஆபீசின் இத்தாலிய மேலதிகாரி. வராதவை: லிஃப்ட்டும் என் புத்தியும். (எங்கள் வீடு நாலாம் மாடி; இந்த நிக்டி கட்டடத்தில் லிஃப்ட் பாதி நாள் வராது. மற்றதைப் பற்றி அம்மாவிடம் கேளுங்கள்.)

அப்பா முப்பது வருடம் பிம்ப்ரி ஃபாக்டரியில் மெஷின் ஓட்டியவர். ஒரு ஆபீசர்கூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. காலேஜ் போன முதல் பிள்ளையால் அது நடக்கப்போகிறது என்று மேசை நாற்காலியெல்லாம் வாடகைக்கு எடுத்திருந்தார்.

விமானத்துக்குப் போகும் வழியில் அரை மணி நேரம் என்று சொல்லித்தான் மேலதிகாரி வந்தார். படிக்கட்டருகே போனில் மனைவியிடம் "சால்கோ" என்றார். மேலே ஏறுகிறேன் என்று அர்த்தம். நானும் பேசாமல் ஏறியிருக்கலாம்.

"சார், இதே சொல் லத்தீனில் குதிப்பது!" என்று தொடங்கினேன். (இரண்டு வருடம் மாலை வகுப்பில் பிரெஞ்சு, இத்தாலியன், கொஞ்சம் லத்தீன் படித்துவிட்டு, கேட்க ஆளில்லாமல் தவித்தவன்.) முதல் மாடியில் லத்தீன் முடிந்தது. 'நான்' ஏறும்போது நுழைகிற 'க', 'நாம்' ஏறும்போது (சாலியாமோ) எங்கே போகிறது என்று இரண்டாம் மாடியில் இத்தாலியருக்கே இத்தாலியன் விளக்கினேன். மூன்றாம் மாடியில் பிரெஞ்சு. அங்கே 'சாலீர்' என்றால் அழுக்காக்குவது. வினைத்திரிபுகளைப் பேனாவால் சுவரிலேயே எழுதினேன்.

"அரே, பிந்த்!" (ஐயோ, சுவர்!) என்று கதவைத் திறந்தார் மூன்றாம் மாடி மராத்தி மாமி, காக்கூ. அவர் வீட்டுச் சுவர். வியர்த்து நின்ற விருந்தாளியைப் பார்த்ததும் என்னை விட்டுவிட்டு, அவரை உட்காரவைத்து அவல் போஹா கொடுத்தார். மேலதிகாரி இரண்டு தட்டு சாப்பிட்டார்.

மேலேயிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். "ஏல, ஆபீசர் எங்கல?"

"பிரெஞ்சு முடியப்போகுதுப்பா!"

முடியவில்லை. விமானத்துக்கு நேரமாச்சு என்று கீழே காரிலிருந்து டிரைவர் போன் செய்துவிட்டார். மேலதிகாரி அண்ணாந்து அப்பாவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு இறங்கினார். அப்பாவும் நாலாம் மாடியிலிருந்தே கைகூப்பினார்.

"மூணு பாஷை படிச்சு என்னல, ஒரு மனுசன நாலு மாடி ஏத்தத் தெரியலையே!" என்றாள் அம்மா. இன்றும் நான் எதையாவது விளக்க வாயெடுத்தால், "மூணாவது மாடி வந்துட்டு, நிப்பாட்டு" என்பாள்.

அப்பாவோ, மேசையை எடுத்துப்போக வந்த கடைக்காரரைத் திருப்பி அனுப்பினார். "இன்னொரு தடவ வருவாவல்லா" என்று பேரம் பேசி அதை வாங்கியே விட்டார். நாலு நாற்காலியோடு, நாலாயிரத்து இருநூறு ரூபாய்.