பன்னிரண்டரை பெக்

கணக்குப்படி ஒரு பாட்டிலுக்குப் பதின்மூன்று பெக். ஊற்றினால் பன்னிரண்டுதான் வந்தது.

"பன்னெண்டரை சார்," என்றார் பார்மேன். "நீங்கதான் அரையை முழுசாக்கிட்டீங்க."

"கணக்குல அப்படித்தான்யா போடணும்," என்றார் மாப்பிள்ளை.

"கணக்குல போடலாம் சார். கிளாஸ்ல போட முடியாதே!"

மாமனாரும் அவருடைய பார்ட்னரும் சேர்ந்து நடத்தும் பார் அது. துணிக்கடை ஒன்றை வைத்து மூடிவிட்டு வந்த மாப்பிள்ளையை, மாமனார் வலியக் கூப்பிட்டு மேனேஜர் ஆக்கியிருந்தார். இதுவும் கவிழ்ந்தால் அந்த வீட்டு வாசலில் தலைகாட்ட முடியாது.

ஒரு கிளாஸுக்கு என்னதான் அடக்க விலை என்று உட்கார்ந்து போட்டார். ஐஸ், எலுமிச்சை, கிளாஸ் கழுவும் சோப்பு, ஃபேன் ஓடும் கரண்ட் எல்லாவற்றையும் கூட்டி விலையை ஏற்றினார்.

தினமும் குடிக்க வரும், கண்ணாடி போட்ட பெரியவர் விலைப்பலகையை இரண்டு முறை படித்தார்.

"ஐஸுக்கும் காசா?"

"அதுவும் செலவுதானே சார்!"

மறுநாள் அவர் ஃபிளாஸ்க்கில் ஐஸோடு வந்தார். அடுத்த நாள் ஐஸும் வரவில்லை, அவரும் வரவில்லை.

வீட்டில் மாப்பிள்ளை தட்டின் மேல் விரலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சோத்தை வகுத்தது போதும், சாப்பிடுங்க," என்றாள் மனைவி.

"விலையைக் குறைச்சா கூட்டம் வரும். கூட்டம் வந்தா லாபம் வரும். இல்லையா?"

"நீங்க எனக்குச் சொல்றீங்களா, உங்களுக்கே சொல்லிக்கிறீங்களா?"

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று பலகை மாட்டினார். கூட்டம் வந்தது. நாற்காலி போதாமல் வாடகைக்கு எடுத்தார். இலவசக் கடலை மூட்டை மூட்டையாகக் கரைந்தது. லாபம் மட்டும் வரவில்லை. விற்கும் ஒவ்வொரு கிளாஸும் நஷ்டம். கூட்டம் பெருகப் பெருக நஷ்டமும் பெருகியது. மாப்பிள்ளை வாசலுக்கும் கல்லாவுக்குமாக நடையாய் நடந்தார்.

பார்மேன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "இன்னிக்கு நல்ல மழை பெய்ஞ்சா தேவலை சார். யாரும் வரமாட்டாங்க, கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்."

மாத முடிவில், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் மாமனார் முன்னால் போய் நின்றார் மாப்பிள்ளை. நஷ்டத்தைச் சொன்னார்.

மாமனார் எழுந்து வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். அவரோ கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, என் நம்பிக்கை வீண்போகலை!"

மனுஷனுக்கு அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து, மாப்பிள்ளை வெளியே ஓடி வந்து டிரைவரைப் பிடித்தார்.

"வண்டியை எடுப்பா! மாமாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

"எதுக்குங்க?" என்றார் டிரைவர். "இந்த நஷ்டத்தைப் பார்த்து மிரண்டு, பார்ட்னரு காலையில தன் பங்கை ஐயாவுக்கே அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுத்துட்டாரு. 'இந்த வேலைக்கு என் மாப்பிள்ளையை விட்டா வேற ஆளே கிடையாது'ன்னு உங்களை மேனேஜர் ஆக்கும்போதே ஐயா சொன்னாருங்க!"