பத்திரிகையில் இல்லாத பெயர்

"சார், சௌந்தரம் பேரு எங்க?"

பெற்ற மகனையே சார் என்று கூப்பிடுகிற நிலைக்கு வந்துவிட்ட வைத்திலிங்கம், கல்யாணப் பத்திரிகையின் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். மகன் மணவாளன் குனிந்து அந்த வரியைப் பார்த்தான்.

சிதம்பரத்தில், மறதி வந்த பெரியவர்களுக்கான இல்லம் அது. வாரம் ஒருநாள் வீட்டார் வந்து கூடச் சேர்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பேப்பரைத் தள்ளிவிட்டார், பக்திப் புத்தகத்தைத் தள்ளிவிட்டார். பழைய பையில் மணவாளனுடைய கல்யாணப் பத்திரிகை கிடைத்ததும்தான் குரலே வந்தது.

"இந்த மாப்பிள மணவாளன் யாரு சார்? நல்ல பேரா இருக்கு" என்று மெச்சிக்கொண்டார்.

சௌந்தரம் அவருடைய ஒரே தங்கை. திருவதிகையில் கட்டிக்கொடுத்தது. மணவாளனுக்குப் பெண் பார்க்கப் போனபோது தன்னைக் கூப்பிடவில்லை என்று அவள் சண்டைக்கு வர, பத்திரிகைக்கு எழுதிவைத்த தாளில் கோபத்தில் அவள் பெயரைப் பேனாவால் அடித்தவர் இவரேதான். அந்தத் தாளை வாயைத் திறக்காமல் அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவன் மணவாளன். அத்தை கல்யாணத்துக்கு வரவில்லை. பத்தொன்பது வருஷமாகப் போக்குவரத்தும் இல்லை. அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அவன் எத்தனையோ முறை நொந்துகொண்டதுண்டு.

அடுத்த வாரம், இல்லாத பெயரைச் சேர்த்துப் படித்தான். "எங்க, காட்டுங்க" என்று பத்திரிகையைப் பிடுங்கிக்கொண்டார். அதற்கடுத்த வாரம் பேனாவால் எழுதிக்கொண்டு போனான்.

"கூடப்பொறந்தவ பேர யாராச்சும் கையால எழுதுவாங்களா சார்? பாத்தா அழுவா."

வேறு வழியில்லாமல் கடலூரில் புதிதாக அச்சடித்தான். நூறுக்குக் குறைந்து அடிக்க மாட்டார்களாம். கட்டைப் பிரித்த மனைவி சத்யப்பிரியா முறைத்தாள்.

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான்."

"பொண்ணு யாரு?"

"நீதான். படிச்சுப் பாரு."

"ஒருவாட்டி பட்டது போதும்" என்று உள்ளே போய்விட்டாள்.

புதுப் பத்திரிகையை வைத்திலிங்கம் முழுசாகப் படித்தார். தங்கை பெயரை மட்டும் இரண்டு முறை படித்தார். அப்பாடா என்று மணவாளன் எழுந்தான்.

"இவள நேர்ல அழைச்சாச்சா? தபால்ல அனுப்பிடாதீங்க சார், கோச்சுக்குவா. தட்டுல வச்சுக் குடுக்கணும்."

மறதி இன்னும் முற்றுவதற்குள் அண்ணனையும் தங்கையையும் சேர்த்துவைத்தாக வேண்டும். அந்த ஒரு கடனாவது தீரட்டும் என்று, பட்டுவேட்டியும் பழத்தட்டுமாக, தன்னுடைய பழைய கல்யாணத்துக்கு அத்தையை அழைக்க மணவாளன் திருவதிகைக்குப் பஸ் ஏறினான். பக்கத்து சீட்டுக்காரர் தட்டை எட்டிப் பார்த்து, "பையனுக்கா?" என்று விசாரித்தார்.

அத்தை மகன் பொன்னுரங்கம் கதவைத் திறந்தான். பத்திரிகையை வாங்கிப் படித்தான். தேதியைப் பார்த்தும் சிரிக்கவில்லை.

"அத்தைய அப்பா கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு மச்சான். பேரப் போட்டுட்டோம்."

"அம்மா போயி மூணு வருஷமாச்சு மச்சான்."

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே!"

"ஏன் சொல்லல? மாமா மட்டும் தனியா வந்தாரே. கருமாதி பத்திரிகைய இதே எடத்துல உக்காந்து வாய்விட்டுப் படிச்சாரு. 'இதுலயாவது எந்தங்கச்சி பேரு மொதல்ல இருக்கு'ன்னாரு."