யாராவது வேலை கொடுக்க வேண்டும்

தையல்காரியின் புருஷன் சிறையிலிருந்து விடுதலையாகி வந்த வாரம், அந்தத் தெருவின் நலச்சங்கம் அவசரக் கூட்டம் கூட்டியது. ‘சிறை மீண்டோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் சமூகம் அரவணைத்தல் குறித்து’ என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். அரவணைப்பு அந்த வருஷத்து மோஸ்தர். அதற்கு முந்தின வருஷம் மாடித் தோட்டம். செடிகள் காய்ந்துபோனதும் மனிதர்களிடம் வந்திருந்தார்கள்.

புருஷன் மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி ரிப்பேர் பார்க்கிறவன். பழைய முதலாளியைக் கைநீட்டி அடித்துவிட்டு உள்ளே போனவன். தையல்காரிக்கு வேண்டியதெல்லாம் அவனுக்கு ஒரு வேலை. சும்மா உட்கார்ந்திருந்தால் பழைய கூட்டாளிகளோடு சேர்ந்துவிடுவானே என்று பயம்.

இருவரையும் மேடையேற்றி, ரோஜா நிறத்தில் பேட்ஜ் குத்தினார்கள். அங்கத்தினர்கள் வரிசையாக வந்து அணைத்தார்கள். புருஷனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஜெயில் வாசலில் உடம்பைத் தடவிச் சோதனை போடுவார்களே, அந்தப் பழக்கத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

“அன்பை எப்படி ஏத்துக்கறார் பாருங்க!” என்று சங்கத் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அணைச்சது போதும்மா. இவருக்கு ஒரு வேலை…” என்றாள் தையல்காரி.

“அதுக்குத்தானே இந்தக் கூட்டமே!” செயலாளர் எழுந்து தீர்மானத்தை வாசித்தார். “மேற்படி நபருக்கு யாராவது ஒருவர் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என இச்சங்கம் உணர்ச்சிபூர்வமாக வலியுறுத்துகிறது.”

அத்தனை கையும் உயர்ந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

“சரி, யாரு குடுக்கறீங்க?”

அத்தனை கையும் இறங்கியது.

பேக்கரிக்காரர் தொண்டையைக் கனைத்தார். “எனக்குப் பூரண சம்மதம்மா. ஆனா என் கஸ்டமருங்க இருக்காங்களே, அவங்களுக்குச் சின்ன மனசு.”

தையல்காரி லாண்டரிக்காரர் பக்கம் திரும்பினாள். “நீங்கதானே சார் தினமும் அவர் கடையில ரொட்டி வாங்கறது?”

“நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்மா. மத்தவங்க சொல்லுவாங்க.”

தீர விசாரித்ததில் அங்கே இருந்த எல்லாருமே பரந்த மனமுள்ளவர்கள் என்று தெரிந்தது. சின்ன மனசுக்கார ‘மற்றவர்கள்’தான் கூட்டத்துக்கு வரவில்லை. தீர்மானத்தில் சொல்லப்பட்ட ‘யாராவது ஒருவரும்’ வரவில்லை. எனவே அவரைக் கண்டுபிடிக்கத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது.

துணைக்குழு வாராவாரம் கூடித் தேடியது. ஒருநாள் தேடிக்கொண்டிருக்கும்போதே தலைக்குமேல் மின்விசிறி நின்றுவிட்டது. தலைவியின் பவுடர் வழிய ஆரம்பித்ததால், தீர்மானம் எதுவும் இல்லாமலே புருஷனுக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தான், ஸ்டூலில் ஏறினான், சுற்றவைத்தான். மறுநாளிலிருந்து அங்கத்தினர்கள் அவரவர் வீட்டுப் பழுதையெல்லாம் தூக்கிக்கொண்டு தையல்காரியின் பின்வாசலுக்கு வந்தார்கள். முன்வாசலில் வந்தால் மற்றவர்கள் பார்த்துவிடுவார்களாம். பின்வாசலில் மற்றவர்களைத்தான் தினமும் பார்த்தார்கள். வருஷம் திரும்புவதற்குள் முன்னறை கடையாகிவிட்டது. புருஷனுக்குத் தலைக்குமேல் வேலை.

ஒரு காலை சங்கம் திரண்டு வந்து வாசலை அடைத்தது.

“கண்டுபிடிச்சிட்டோம்!” என்று தலைவி புருஷனைக் கைகாட்டினாள். “அந்த யாராவது ஒருத்தர் நீங்கதான்!”

அவள் பின்னால் புது பேட்ஜோடு ஒருவன் நின்றான். முந்தின நாள்தான் விடுதலையானவன். புருஷன் அவனை முறைப்படி அணைத்துக்கொண்டான். பிறகு தலைவியை ஓரமாகக் கூப்பிட்டான்.

“எதுக்காக உள்ள போனான்?”

“சின்னத் திருட்டுதான்.”

“திருட்டா? நான் அடிச்சிட்டுப் போனவன்மா. அது மானப் பிரச்சினை. இது வேறயில்ல?”

அது காதில் விழுந்த தையல்காரிக்குச் சுரீரென்றது. “வெக்கமா இல்ல உங்களுக்கு? நம்மள என்ன பாடு படுத்தினாங்க, அதுக்குள்ள மறந்துபோச்சா? மரியாதையா அவரைச் சேத்துக்குங்க!” என்று எல்லார் முன்னாலும் வெளுத்து வாங்கினாள்.

சங்கம் கைதட்டியது. புருஷன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். புதியவன் கண்கலங்கி அவளைப் பார்த்துக் கும்பிட்டான்.

அவளும் பதிலுக்குக் கும்பிடத்தான் பார்த்தாள். ஒரு கைதான் மேலே வந்தது. இன்னொரு கை, அவளைக் கேட்காமலே, கடைக்காசு இருந்த மேஜை டிராயரைப் பூட்டிக்கொண்டிருந்தது.