ஏழாவது மாடி வயர்

"இன்ஜினியர், மறுபடியும் நெட் போச்சு!"

போனில் நோவ்ரா இப்படிச் சொன்னால் போதும், எதில்பெர்த்தோவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும். கொலம்பியாவின் மெதெயின் நகரத்தில் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தவன் எல்லாருமே இன்ஜினியர்தான். ஆனாலும் அவள் வாயால் கேட்கும்போது அவனுக்குப் பட்டமே கிடைத்துவிடும்.

அவள் ஏழாவது மாடிக் காப்பீட்டு அலுவலகத்தின் வரவேற்பாளர். போனதும் கறுப்புக் காப்பியும் சூடாக ஒரு புன்யுவெலோ சீஸ் உருண்டையும் தருவாள். சாப்பிட்டு, வயரைச் சரிசெய்து, "காப்பி நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வருவான். மனசில் உள்ள மீதியெல்லாம் லிஃப்ட் கண்ணாடியிடம்தான் வெளிவரும். கேபிள் கார் ஏறி மலைமேல் வீடு சேரும்வரை அவள் நினைப்பாகவே இருக்கும்.

முதல் தடவை மேசைக்கடியில் வயர் பிடுங்கிக் கிடந்தது. கிளிப் அடித்தான். அடுத்த வாரம் வயரே அறுந்திருந்தது. கேசிங் போட்டு மூடினான். பத்தே நாளில் யாரோ கேசிங்கையும் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். இப்படியே மூன்று மாதம் ஓடியது. கடைசியில் அலுவலக முதலாளி ஹெனாரோ குதித்தார்.

"எலியா, பேயா? இரும்புக் குழாய் போடுப்பா! நெட் பெட்டிக்குப் பூட்டு போடு! இனிமே நீ இந்தப் பக்கமே வரவேண்டிய தேவை இருக்கக் கூடாது, தெரிஞ்சுதா?"

எதில்பெர்த்தோ டேப்பை எடுத்துச் சுவரை அளந்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதா? ஆனால் பாழாய்ப்போன கைக்கு அரைகுறை வேலை தெரியாதே. மூன்று நாளில் முடித்தான். யானை மிதித்தாலும் அசையாது.

"ரொம்பக் கெட்டியாப் போட்டுட்டீங்களே," என்றாள் நோவ்ரா. குழாயை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"ஆமாங்க. பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"பத்து வருஷமா!"

"பதினஞ்சுகூடத் தாங்கும்."

அட மண்டூகமே! சொல்ல வேண்டியதை விட்டுவிட்டுக் கேரண்டி கொடுத்துக்கொண்டிருந்தான்.

காப்பியை நீட்டினாள். இதுதான் கடைசிக் காப்பி. இந்த முகத்தை இனிமேல் எந்தச் சாக்கில் வந்து பார்ப்பது?

"நோவ்ரா..." என்று ஆரம்பித்தான்.

அலுவலகத்தில் அத்தனை கீபோர்டுச் சத்தமும் சட்டென்று நின்றது. அவன் கோப்பையைப் பார்த்தான்.

"...காப்பி நல்லா இருக்கு."

யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

கீழே வந்து வாசல் காவலர் உபால்தோவிடம் கை நீட்டினான். உள்ளே போகிறவர்கள் அடையாள அட்டையை அவரிடம் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

"கார்டைக் குடுங்க. இனிமே இங்க வேலை இல்ல," என்றான்.

உபால்தோ போனில் மேல்மாடியோடு பேசிக்கொண்டிருந்தார். "இன்னைக்கும் காப்பிதானா? சரி, நான் பாத்துக்கிறேன்," என்று வைத்தார். அட்டையை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"தர முடியாது தம்பி. முதலாளி முதக்கொண்டு மூணு மாசமா முறைபோட்டு வயரைப் பிடுங்கி அந்த ஆபீசுக்கே கை ஓஞ்சு போச்சாம். மேல போய் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லவேண்டியதைச் சொல்லிட்டு வந்து வாங்கிக்கோ!"