எட்டுக்குப் பயந்து வாங்கிய ஸ்கோப்

எண்ணுவது எனக்கு ஒரு வியாதி. மிச்சம் என்கிற ஆங்கிலேய ஊரில் எங்கள் வீட்டு மாடிப்படிகள் பதின்மூன்று. வாசலிலிருந்து பஸ் தரிப்பிடத்துக்கு இருநூற்றுப் பதினாறு அடி. பருப்புக்குள் கிடக்கும் செத்தல் மிளகாயைக்கூட எண்ணிவிட்டுத்தான் சாப்பிடுவேன். இவ்வளவு எண்ணுகிறவனுக்குக் கணக்கும் தெரியும் என்று நாலு பேர் நம்பியதுதான் வினை.

தொண்ணூற்றொன்றில் ஒரு தொழிற்சாலைக் களஞ்சியத்தில் வேலை செய்தேன். மேற்பார்வையாளர் பெயர் கென். அகதியாக வந்திறங்கிய புதிதில், "இந்த ஆளுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி என்னை வேலைக்கு எடுத்த வெள்ளைக்காரர். அவர் ஓய்வுபெறும் நாள் வந்தது. சசெக்ஸில், தம்பியின் காட்டில், ஒரு கிழட்டுக் கொம்பு மானை மூன்று வருடமாகக் குறிவைத்திருந்தார். அது அந்தி மங்கும்போதுதான் வெளியே வரும். அவருக்கோ கண் மங்கிக்கொண்டு வந்தது. "இந்த வருடம் விட்டால் இனி இல்லை" என்று ஒரே வாரத்தில் ஒன்பது தடவை சொன்னார்.

ஆகவே அவருடைய துப்பாக்கியின் மேல் பூட்டுகிற தொலைநோக்கிக் குழாய், அதாவது ஸ்கோப், ஒன்றை எல்லோரும் சேர்ந்து பரிசளிப்பதென்று முடிவாயிற்று. தெரிவு செய்யும் பொறுப்பு என் தலையில். (நான் பரம்பரைச் சைவக்காரன். நுளம்பு அடிக்கவே இரண்டு தரம் யோசிப்பேன்.)

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் 8×56, மற்றதில் 12×42. முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. அடுத்தது, முன்கண்ணாடியின் அகலம்.

"அந்தி வேட்டைக்கா? யோசிக்காமல் எட்டை எடுங்கள்," என்றார்.

எட்டு! சனியனுடைய எண். நம்பர் பிளேட்டைக் கூட்டினால் எட்டு வருகிறதென்று நல்ல காரை விற்றுவிட்டு, ஒரு வருடம் பஸ்ஸில் திரிந்தவன் நான். வெளியே வந்து தொலைபேசிக் கூண்டிலிருந்து மனைவியை அழைத்தேன்.

"என்னப்பா, எட்டோ? ஓய்வெடுக்கப் போற மனுசனுக்குச் சனியனைப் பொதி கட்டிக் குடுக்கப் போறியளோ?"

"கடைக்காரன் அதுதான் திறமெண்டு சொல்லுறான்."

"அவனுக்கென்ன தெரியும்? மற்றதைக் கூட்டிப் பாருங்கோ."

கூட்டினேன். ஒன்றும் இரண்டும் மூன்று, குரு. நாலும் இரண்டும் ஆறு, சுக்கிரன். போதாததற்கு, எட்டைவிடப் பன்னிரண்டு பெரிது. "ஓம், அதையே எடுக்கிறன்" என்றேன். கடைக்காரர் "நிச்சயமா?" என்று மூன்று தடவை கேட்டார். சாமியறையில் வைத்து, குழாய்க்குச் சந்தனப் பொட்டும் இட்டுத்தான் கொடுத்தோம்.

கென் பூரித்துப் போனார். பகலில் குறி பார்த்தபோது எல்லாம் அருமையாகத் தெரிந்ததாம். ஒரு மே மாதச் சனிக்கிழமை என்னையும் காட்டுக்குக் கூட்டிப்போனார். குரங்குத் தொப்பி போட்டுக்கொண்டு, பதினொரு படி ஏறி, மரத்தில் அடித்த பலகையில் அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

அந்தியில் மான் வந்தது. வெறுங்கண்ணுக்கு ஒரு கறுத்த உருவம். தலையை ஆட்டியபோது கொம்பும் தெரிந்தது. கென் துப்பாக்கியைத் தூக்கினார். நான் மனதுக்குள் எண்ணினேன். பத்து. இருபது. நாற்பது. வெடிக்கவில்லை. அறுபத்து மூன்றில் மான் ஆறுதலாகத் திரும்பி மரங்களுக்குள் போய்விட்டது.

கென் தோட்டாவைக் கழற்றிவிட்டு, "பார்" என்று துப்பாக்கியைத் தந்தார். பார்த்தேன். ஒரே கறுப்பு.

"நல்ல ஸ்கோப், சிவா," என்றார். "இருட்டை எவ்வளவு கிட்டக் கொண்டுவருகிறது!"

வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளையான என் மகள்தான் விளக்கினாள். "அதைக் கூட்டிறேல்லை, அப்பா, வகுக்கிறது. அம்பத்தாறை எட்டால வகுத்தா ஏழு. நாப்பத்திரண்டைப் பன்னிரண்டால வகுத்தா மூண்டரை. கண்ணுக்கு வாற வெளிச்ச வட்டத்தின்ர அளவு அது. இருட்டில பெரிய வட்டமெல்லோ வேணும்!"

மாற்றித் தருகிறேன் என்று கெஞ்சினேன். பரிசை மாற்றுவது மரியாதையில்லை என்று கென் மறுத்துவிட்டார். அடுத்த வருடம் கண் இன்னும் மங்க, துப்பாக்கியையே விட்டுவிட்டார். ஸ்கோப்பை மட்டும் ஜன்னலோரம் வைத்து, தேவாலயக் கோபுரத்து மணிக்கூட்டில் நேரம் பார்ப்பாராம். கடைக்காரர் எட்டைத்தான் எடுக்கச் சொன்னார் என்பதை நான் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.

ஈஸ்ட் ஹாம் மரக்கறிக் கடையில் நான் இரண்டு கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாலும் போதும், குடும்பமே சேர்ந்து சொல்லும்: "கூட்டாதேங்கோ, வகுங்கோ!"

தொண்ணூற்றெட்டில் கென் இறந்தார். அடக்கம் செய்த இடத்தில் கல்லறை இலக்கம் எழுதிய ஒரு சிறு தகடு நட்டிருந்தார்கள். அதில் 152 என்றிருந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஒன்றும் ஐந்தும் ஆறு, ஆறும் இரண்டும் எட்டு.

பக்கத்தில் நின்ற மகள் என் உதடு அசைவதைக் கண்டுவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "கூட்டாதேங்கோ, அப்பா."