ரிப்பேருக்குப் போன பிளேயர்

இந்தச் சீசன் முடிவதற்குள் ஒரு தடவையாவது அருவியில் தன்னந்தனியாக நின்று குளித்துவிடுவது என்று வீரபாகு சபதம் எடுத்தார். தென்காசியில் வீடு கட்டியது அவர் செய்த பாவம். சாரல் விழுந்த அன்றே சொந்தக்காரர்களும் வந்து விழுவார்கள். அவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவது அவர். அவர்கள் குளிக்க, துணிமூட்டைக்குக் காவல் நிற்பதும் அவர். அவருடைய முறை வருவதற்குள் யாருக்காவது பசித்துவிடும்.

வழி காட்டியது மனைவி முத்துவடிவின் எம்பி3 பிளேயர். அடுப்படியில் அவளுக்குத் துணையே அதுதான். திடீரென்று ஒருநாள் ஊமையாகிவிட்டது.

"எந்தப் பட்டனை அமுக்கினாலும் அசைய மாட்டேங்கு. ராத்திரி பூரா சார்ஜில போட்டேன். சாரல் ஈரமோன்னு அரிசிக்குள்ளயும் பொதைச்சு வச்சேன்."

வீரபாகு வாங்கிப் பார்த்தார். பக்கவாட்டில் பட்டன்களைப் பூட்டுகிற குட்டி விசை மேலே ஏறியிருந்தது. கீழே தள்ளினால் தீர்ந்தது. அவர் தள்ளவில்லை.

"பெரிய கோளாறுட்டி. குற்றாலம் ரோட்டுல ஒரு மெக்கானிக் இருக்கான். ஒரு நாள்ல முடியாது."

"அப்ப ராயகிரியிலேர்ந்து வந்திருக்க எங்க சித்தப்பாவ யாரு அருவிக்குக் கூட்டிட்டுப் போறது?"

"உனக்குப் பாட்டு முக்கியமா, உங்க சித்தப்பா குளிக்கது முக்கியமா?"

அவள் யோசித்தாள். "பாட்டுதான்."

சித்தப்பா குடும்பம் ஆட்டோ பிடித்து மெயின் அருவிக்குப் போனது. வீரபாகு ஐந்தருவிக்குப் போனார். உச்சந்தலையில் தண்ணீர் இடித்த இடியில் ஒரு சித்தப்பாவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"மெக்கானிக் என்ன சொல்லுதான்?"

"பேட்டரி ஊதிப்போச்சாம்."

"உங்க கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?"

"அவன் ஈயத்த உருக்கிப் பத்த வைக்கான்லா, அந்தப் புகை."

மறுநாள் அவளே பிளேயர் உறையின் ஜிப்பை இழுத்து மூடிக் கையில் கொடுத்தாள். "பத்திரம்."

அன்றும் ஐந்தருவி. சாயங்காலம் திரும்பும்போது வீரபாகுவுக்குப் பத்து வயது குறைந்திருந்தது.

"இன்னைக்கு?"

"பாட்டு இருக்கிற கார்டே போயிட்டாம். என் கண்ணு முன்னாலயே எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டான். பாக்கவே பாவமா இருந்துது."

"நாளைக்கும் போகணுமோ?"

"போகாம? பாதியில விட முடியுமா?"

முத்துவடிவு இடுப்பிலிருந்து எதையோ எடுத்தாள். ஒரு வயரை அவர் காதில் செருகினாள். நாதஸ்வரம் முழங்கியது.

"நேத்து ராவே பக்கத்து வீட்டு ஹாஜரா அக்கா அந்தக் குட்டி விசையத் தள்ளிவிட்டா. பாட ஆரம்பிச்சுட்டு."

"அப்ப இன்னைக்கு நான் கொண்டுபோன உறையில?"

"குளிக்கிற சோப்பு. தொறந்தே பாக்கலையா?"

வீரபாகு வயரைக் காதிலிருந்து கழற்றினார். மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

அவள் கோபப்படவில்லை. வேலை அலுப்பில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"உங்க மெக்கானிக் கெட்டிக்காரன்தான். கண்ணாலயே பாக்காத சாமானப் பிரிச்சுப் போட்டிருக்கான். நாளைக்கு சுரண்டையிலேர்ந்து எங்க பெரியம்மா வீட்டு ஆளுக ஒரு வேன் நெறைய வாராக. அவுகளையும் அவன்கிட்டயே கூட்டிட்டுப் போங்க."