என் தறியை நான் காப்பாற்றிய விதம்

உயிரே போனாலும் தறியை ஹாலை விட்டு நகர்த்துவதில்லை என்று சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் முடிவு செய்தேன். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அப்போதுதான் என் மனைவி ஏலவார்குழலி இஞ்ச் டேப்போடு வந்து தறியை அளந்தாள்.

அளந்தது கூடப் பெரிதில்லை. நான் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கும்போதே அளந்தாள். என்னையும் சேர்த்து அளந்தாளோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

"இன்னா அளக்கிற?"

"சும்மாதாங்க."

இருபத்திரண்டு வருடத்தில் குழலி எதையும் சும்மா செய்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் சும்மா என் பீரோவைத் திறந்தாள். மறுநாள் என் சட்டைகள் பன்னிரண்டு பாத்திரக்காரனிடம் போய், ஒரே ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டாகத் திரும்பி வந்தன.

என் தறி இருக்கும் இடம் அப்படிப்பட்ட இடம். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் எதிரே டிவி. வலது பக்கம் வாசல். ஏகாம்பரநாதர் கோயிலுக்கு யார் யார் போகிறார்கள், யார் யார் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு டீக்கடையில் நிற்கிறார்கள், எல்லாம் தெரியும். கால் மிதிப்பலகையில், கண் டிவியில், காது தெருவில். கை மட்டும் பட்டில். இந்த சிம்மாசனத்தை விட்டு எந்த ராஜா இறங்குவான்?

அன்று மாலையே சத்யராஜ் வந்தான். வீட்டு அறைகளை அலங்காரம் செய்து தருகிற தொழில். இறுக்கமான பேண்ட், கையில் பெரிய போன். போனில் என் வீட்டைக் காட்டினான். அது என் வீடுதான், ஆனால் ஹாலில் எல் வடிவத்தில் ஒரு சோபா கிடந்தது. சுவரில் மான் படம். ஜன்னலில் இரண்டு திரை.

"தறி எங்கப்பா?" என்றேன்.

"அதுவா சார், பேக் ரூம்ல ஷிஃப்ட் பண்ணிக்கலாம்."

பின் அறை! ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். வேறொன்றும் தெரியாது. அந்த அறை ஞாயிற்றுக்கிழமைகளில் கேரம் ஆடுவதற்காக இறைவன் படைத்தது. நானும் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தாவீதும் பத்து வருடமாக அங்கேதான் ஆடுகிறோம். இரண்டு வருடத்துக்கு முன்பு குழலி அந்த அறையைக் கேட்டாள். ப்ளவுஸுக்குப் பூத்தையல் போடும் ஆரி வேலை கற்றுக்கொண்டிருந்தாள், கட்டிலில் உட்கார்ந்து போட்டால் முதுகு வலிக்கிறதாம். கேரம் போர்டு எங்கே போகும் என்று கேட்டேன். அத்தோடு அந்தப் பேச்சை மறந்துவிட்டாள்.

சத்யராஜ் பின் அறைக்குள் போய்த் தரையில் சாக்பீஸால் பெரிய செவ்வகம் போட்டான். தறிக்குழி! குழி வெட்டுவதற்கு அளவு போடுகிறான்!

"குழலி, தறி நகராது."

"சரிங்க."

"நான் சொல்றது கேக்குதா?"

"கேக்குதுங்க. நகர வாணாம்."

இதுதான் என்னை நடுங்க வைத்தது. அவள் சண்டை போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். சரி என்றல்லவா சொல்லிவிட்டாள்!

யோசித்துப் பார்த்ததில் அவள் திட்டம் புரிந்தது. தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல், இருக்கும்வரை யாரும் தறியைப் பிரிக்க முடியாது. நாலாயிரத்துச் சொச்சம் பட்டு இழை சிக்கிக்கொண்டு நாறிவிடும். ஒரு பாவில் மூன்று புடவை. மூன்றையும் நெய்து அறுத்த பிறகு, அந்தப் பழைய பாவின் நுனியில் புதுப் பாவை ஒவ்வொரு இழையாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள், இரண்டு நாள் தறி சும்மா இருக்கும். எதிரி அப்போதுதான் பாய்வாள்.

நான் மூன்றாவது புடவையில் இருந்தேன்.

மறுநாள் முதல் அவள் தினம் காபியோடு கேட்க ஆரம்பித்தாள்.

"பாவு எவ்ளோ மீதி இருக்குதுங்க?"

"நெறைய."

"நெறையன்னா?"

"நெறையன்னா நெறைய!"

நெசவை மெதுவாக்கினேன். ஒரு நாளைக்கு ஒரு முழம் நெய்கிறவன் நாலு விரற்கடை நெய்தேன். முதலாளி போன் செய்து, "இன்னா கைலாசம், ஒடம்பு சரியில்லியா?" என்றார். மனசு சரியில்லை என்றேன். கல்யாணம் ஆனவர், மேலே கேட்கவில்லை.

எத்தனை நாள் இப்படி ஓட்டுவது? நானும் ஒரு திட்டம் போட்டேன். புதுப் பாவை முன்கூட்டியே வாங்கி தாவீது வீட்டில் ஒளித்து வைத்தேன். வழக்கமாகப் பாவு பிணைப்பது குழலிதான். இந்தத் தடவை எதிரியிடமே கோட்டைச் சாவியைக் கொடுக்க முடியுமா? மூன்றாவது தெருவில் அகிலா என்று ஒரு பெண், பாவு பிணைக்கிறவள். விரல் பேய் வேகம். கொல்லைப்பக்கம் போய் ரகசியமாக போன் போட்டேன்.

"அகிலா, ஒரு பாவு பிணைக்கணும். யாருக்கும் தெரியக் கூடாது."

"வெள்ளிக்கெழமதானேண்ணே? காலைல ஒம்போது மணிக்கு வந்துடறேன்."

எவ்வளவு சுறுசுறுப்பான பெண் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

குழலி வியாழக்கிழமை வந்து, "நாளைக்கு திருமுக்கூடல்ல சின்னம்மா வூட்டுக்குப் போறேங்க. சாயங்காலம்தான் வருவேன்" என்றாள். காமாட்சியே வழிவிட்டுவிட்டாள்! வேண்டுமென்றே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "அவ்ளோ நேரமா?" என்றேன். நடிப்பு எனக்கு நன்றாக வரும்.

அன்றிரவே மூன்றாவது புடவையை முடித்து அறுத்தேன். காலையில் அவள் பஸ் ஏறியதும் அகிலா வந்து உட்கார்ந்தாள். தாவீது வாசலில் காவல். சாயங்காலம் நாலு மணிக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழையும் பிணைந்துவிட்டன. இனி இரண்டு மாதத்துக்கு என் தறியை அசைக்க ஏகாம்பரநாதராலும் முடியாது.

ஆறு மணிக்குக் குழலி வந்தாள். தறியைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ! பாவு பிணைச்சிட்டீங்களா?"

"ஆமா."

"பின் ரூமுக்கு பெயின்ட்டெல்லாம் வாங்கிட்டேனே! லைட்டுக்குச் சொல்லிட்டேனே!"

அவள் குரல் கம்மியதும் எனக்கே பாவமாகிவிட்டது. ஜெயித்தவன் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம் அல்லவா?

"வாங்கினதை வீணாக்காத. அடிச்சிக்கோ. இன்னா வேணா பண்ணிக்கோ. ஆனா என்னைய அங்க இழுக்கப் பாக்காத. நானும் வர மாட்டேன், தறியும் வராது."

"இப்பச் சொல்வீங்க. ரூமு பளபளன்னு ஆனதும் தறியைத் தூக்கிக்கினு நீங்களே வருவீங்க."

பார்த்தீர்களா, தூண்டில்! அறையை அழகாக்கி ஆசை காட்டி இழுக்கப் பார்க்கிறாள். எனக்கா தெரியாது?

"நான் அந்த ரூம்ல காலே வைக்க மாட்டேன்."

"விளக்கு முன்னாடி சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு முன்னால் நின்று சொன்னேன்.

"ஞாயித்துக்கெழமகூடவா?" என்றாள் சந்தேகமாக.

"ஞாயித்துக்கெழமகூட!"

கேரம் போர்டை அங்கேயே விட்டால் அதையே சாக்காக வைத்து என்னை உள்ளே இழுப்பாள் என்று, உடனே தாவீதை அனுப்பி அதையும் வெளியே எடுத்துவிட்டேன். தாவீதுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாம எங்கண்ணே ஆடறது?"

"தறி பெருசா, கேரம் பெருசா? கொஞ்ச நாள் பொறுத்துக்கோப்பா."

போர்டு இப்போது அவன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அவன் மனைவி லில்லி அதன்மேல் வடகம் காயவைக்கிறாள்.

பின் அறையில் வேலை நடந்தது. சுவருக்கு இளம் பச்சை. கூரையில் வரிசையாக விளக்கு. ஏசிகூட வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். தூண்டில் பெரிதாகிக்கொண்டே போகிறது, மீன் மட்டும் அசையவில்லை. அக்னி நட்சத்திரம் தொடங்கி, முதுகில் வியர்வை ஊற்றாக வழிந்தபோதும் மீன் அசையவில்லை.

பத்தாம் நாள் சாமான்கள் வந்தன. இரண்டு தையல் மெஷின். ஆரி வேலைக்குத் துணியை இழுத்துக் கட்டும் நாலு கட்டைகள். ஒரு பெரிய வெட்டு மேசை. அறை வாசலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தேன். மேசை அந்த சாக்பீஸ் செவ்வகத்தில் கோடு பிசகாமல் உட்கார்ந்தது. அப்படியானால் அது தறிக்குழிக்குப் போட்ட அளவு இல்லையா?

மறுநாள் காலை அகிலா டிபன் பாக்ஸோடு வந்து, என் தறியைத் தாண்டி நேராகப் பின் அறைக்குப் போனாள்.

"நீ எங்கம்மா போற?"

"வேலைக்கு சேர்ந்துட்டேன்ணே, அக்காகிட்ட. அன்னைக்கு உங்க பாவைப் பிணைச்சேன்ல, அதான் அக்கா வெச்ச டெஸ்ட்டு. வெரல் வேகமா ஓடுதான்னு பாக்கணும்னாங்க. நீங்க போன் பண்ணுவீங்க, வெள்ளிக்கெழம போயிடுன்னு ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாங்க. தறியை அளந்தது, சோபா படம் எல்லாம் உங்களைக் கெளப்பி வுடத்தானாம்."

நான் கிழமை சொல்வதற்கு முன்பே அவள் வெள்ளிக்கிழமை என்றது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. கையிலிருந்த தறி நாடா நழுவிக் குழியில் விழுந்தது. எனக்கு அழுகை வராத குறை. ஆத்திரமா, அவமானமா, இல்லை ஏசி மேல் ஏக்கமா, தெரியவில்லை. மூன்றும்தான்.

"குழலி!"

பின் அறைக் கதவு திறந்தது. குளுகுளுவென்று காற்று வந்தது. வாசற்படிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். இந்தப் பக்கம் நான். நடுவில் விளக்கு முன்னால் நான் செய்த சத்தியம்.

"ஒரே ஒரு உண்மையைச் சொல்லு. தறியை ஹாலை விட்டு நகர்த்தணும்னு உனக்கு எண்ணமே இல்லியா?"

"தறியையா?" நிஜமாகவே திகைத்தவள் போலப் பார்த்தாள். "இன்னா பேசறீங்க? தறி பின்னாடி போயிட்டா, வாசல்ல வர்ற கஸ்டமரை யாருங்க பாப்பாங்க?"

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். குளிர்ந்த காற்றும் நின்றது. நான் தறியில் போய் உட்கார்ந்தேன். டிவியில் ஏதோ ஓடியது. வலது பக்கம், என் சிம்மாசனத்தின் வாசலில், கையில் துணிப்பையோடு இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

"வாங்கம்மா, ப்ளவுஸா?" என்றேன். "நேரா போயி, பின் ரூமு."